ஜீப்புக்கு முட்டுக் கொடுத்த வெள்ளன்

கோட்டாட்சியர் ஜெஸிந்தா மேடம் குனிந்து இரண்டாம் முறையும் எண்ணி முடித்தார்.

“இருபத்தாறுதான் இருக்கு.”

அவர் கையிலிருந்த மனுவில் இருபத்தேழு பெயர்கள் இருந்தன. இருபத்தேழாவது எங்கே என்பது அந்த மலைச்சரிவில் நின்றிருந்த இருபது முப்பது பேரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஜீப் டிரைவர் வேலுமணி. தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இன்னொருவன் நான்.

நான் டக்ளஸ். சர்வேயர். ஊர் அருவங்காடு. சுதந்திரம் வந்து இருபது வருஷம் கழித்தும், தான் வேலை பார்த்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் பழைய ரெஜிஸ்டர் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரரின் கையெழுத்தைப் பார்த்து மயங்கி அப்பா எனக்கு வைத்த பெயர் அது. அதனாலோ என்னவோ எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். மற்றபடி என்னிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

விஷயம் இதுதான். சுண்டப்பள்ளம் இருளர்கள் வாழும் சிற்றூர். அதற்கு மேலே, தேயிலை முடிந்து புல் தொடங்கும் மேட்டில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்வீடு. மூன்று பக்கம் பலகைக் கல், கூரையாக ஒரு பலகைக் கல், ஒரு பக்கம் வாசல். உள்ளே ஓடைநீரில் உருண்டு வழவழப்பான கற்கள். ஊரில் ஒருவர் இறந்தால், அடக்கம் முடிந்த பிறகு ஓடைக்குப் போய் ஒரு கல்லை எடுத்து, வழியில் எங்கும் கீழே வைக்காமல் சுமந்து வந்து, இறந்தவர் பெயரைச் சொல்லி இங்கே வைப்பார்கள். அதற்கப்புறம் யாரும் அதைக் கல் என்று சொல்வதில்லை. பெயர் சொல்லித்தான் பேச்சு.

அந்த மேடு வனத்துறைக்குச் சொந்தம். எஸ்டேட் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. அங்கே நின்றால் மேட்டுப்பாளையம் வரை கண்ணுக்குத் தெரியும் என்பதால் விருந்தினர்களுக்குக் காட்டேஜ் கட்டத் திட்டம். பல வருஷம் முடங்கிக் கிடந்த வன உரிமை மனுக்களை அரசாங்கம் தூசி தட்டி எடுத்த நேரம் அது. சுண்டப்பள்ளத்துக்காரர்களும் மனுப் போட்டிருந்தார்கள். கல்வீடும் அதைச் சுற்றி ஒரு ஏக்கரும் தங்களுடையது என்று. இன்று நேரடிப் பார்வை. மேடம் ‘இல்லை’ என்று எழுதினால் நாளைக் காலையில் மண் வெட்டும் இயந்திரம் மேலே ஏறும். அது ரோட்டோரத்தில் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. டிரைவர் அதன் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் அப்பவே சொன்னேன்” என்றார் செல்லதுரை. எஸ்டேட்டின் ஃபீல்டு ஆபீசர். தொப்பி, விசில், மழைக்கோட்டு. “பேர் இருபத்தேழு, கல்லு இருபத்தாறு. பேரு எழுதறப்ப கணக்கு தப்பிப் போச்சு. ஓடையில இதே மாதிரி லோடு கணக்குல கிடக்குது. போன மாசம் பொறுக்கிட்டு வந்து அடுக்கினதா இருக்கும்.”

“ஏனுங்க, நீங்க பாத்தீங்களா அடுக்கினத?” என்றாள் மருதி.

மருதிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். ஊர் சார்பாக மனுவில் முதல் கைநாட்டு அவளுடையது. செல்லதுரை அவளுக்கு மேலதிகாரி. நாளைக்கு அவள் பெயரை அழைத்து வேலைக்கு எடுக்க வேண்டியவர்.

“நான் பாக்கல. சர்வேயர் சார் பாத்திருக்காரு. அவரு வரைபடத்துல என்ன எழுதியிருக்காருன்னு கேளுங்க மேடம்.”

மேடம் வரைபடத்தை விரித்தார். மூன்று வாரத்துக்கு முன்பு நான் வரைந்தது. கல்வீடு இருக்கும் இடத்தில் என் அழகான கையெழுத்தில் ‘கற்குவியல்’ என்று எழுதியிருந்தது.

“கற்குவியல்” என்று சத்தமாக வாசித்துவிட்டு மேடம் என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. நான் ஜீப்பைப் பார்த்தேன்.

ஜீப் கல்வீட்டுக்கு நேர் மேலே, சரிவில், முகத்தைக் கீழே நீட்டியபடி நின்றிருந்தது. அதற்குக் கைபிரேக் என்று ஒன்று இருந்ததாகச் சரித்திரம் சொல்கிறது. கியரில் போட்டு நிறுத்தினாலும் நழுவும். முன் டயருக்கு முட்டாக ஒரு கல் வைத்தால்தான் நிற்கும். அந்தக் கல் அழகான கல். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு.

மூன்று வாரத்துக்கு முன்பு அளக்க வந்தபோது ஊர் ஆட்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். “சார், டயருக்கு ஒரு கல்லு குடுங்க, சீக்கிரம்” என்று வேலுமணி பிரேக்கை மிதித்தபடி கத்தினார். சுற்றிலும் புல். கண்ணில் பட்ட ஒரே கல் கல்வீட்டின் வாசலில் உட்கார்ந்திருந்தது. எடுத்து வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. கிளம்பும்போது வேலுமணி அதைத் தூக்கி வண்டிக்குள் போட்டுக்கொண்டார். “நல்ல கல்லு சார். வழுக்கவே மாட்டேங்குது.” நானும் தலையாட்டினேன். அப்புறம் உட்கார்ந்து ‘கற்குவியல்’ என்று எழுதினேன்.

இன்று காலையில் ஜீப்பில் வரும்போதுதான் மனுவை முழுசாகப் படித்தேன். இருபத்தேழாவது பெயர்: வெள்ளன். வாசலில், வலது பக்கம். மருதியின் கணவன்.

“மஞ்சு ஏறுது” என்றார் மேடம் பள்ளத்தைப் பார்த்தபடி. மலையில் மூடுபனிக்கு அதுதான் பெயர். “நாலு மணிக்குள்ள நான் முடிக்கணும். மருதி, குறையறது எது?”

“வெள்ளனுங்க. எங்க ஊட்டுக்காரரு. மூணு வாரமாக் காணமுங்க.”

“கம்ப்ளெய்ன்ட் குடுத்தீங்களா?”

“ஸ்டேஷன்ல போய் என்னனுங்க சொல்றது? செத்துப் போன புருசன் ஊட்டுல இல்லீங்கன்னா?”

யாரோ சிரித்தார்கள். மருதி சிரிக்கவில்லை. மேடம் பேனாவைத் திறந்து, எழுதாமல் மூடினார். “பத்து நிமிஷம் தேடிப் பாருங்க. அதுக்கப்புறம் இருக்கறத எழுதிடுவேன்.”

நேர்மையான மனிதன் என்ன செய்வான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அதைச் செய்யாமல் நழுவி ஜீப்பிடம் போனேன். சாட்சியப் பொருளை சர்வேயரே எடுத்துப் போனான் என்றால் 17 பி மெமோ, வேலையே போகக்கூடிய விசாரணை. பென்ஷனுக்கு ஒன்பது வருஷம் இருக்கிறது. யாரும் பார்க்காமல் வெள்ளனை எடுத்துக் கல்வீட்டுக்குப் பின்னால் புல்லில் உருட்டிவிட்டால், யாராவது கண்டெடுத்து “இதோ!” என்பார்கள். எல்லோருக்கும் நல்லது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

வேலுமணி புதருக்குப் பக்கம் பீடியோடு ஒதுங்கியிருந்தார். கருவி வைக்கும் மரப்பெட்டியைக் கொண்டுவந்து டயருக்கு முன்னால் அழுத்தி வைத்துவிட்டு, கல்லை இழுத்தேன். வந்தது. பெட்டி ‘மடக்’ என்றது. அரசாங்கப் பெட்டி. டயர் அதன்மேல் மெதுவாக ஏறத் தொடங்கியது.

ஒரு மனிதனின் மூளை இந்த மாதிரி நேரத்தில் எப்படி வேலை செய்யும் என்று படித்திருக்கிறேன். என்னுடையது செய்யவில்லை. உடம்பு செய்தது. கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பம்பருக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு காலையும் புல்லில் ஊன்றி நின்றேன். ஈரப் புல். செருப்பு சறுக்கியது. இருபதடி கீழே கல்வீடு. அதன் வாசலில் மூன்று பெண்கள் முதுகைக் காட்டிக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கத்தினால் குட்டு உடையும். கத்தாவிட்டால் அவர்கள் மண்டை உடையும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒரு வினாடி யோசித்தேன். அந்த ஒரு வினாடிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

“வேலுமணீ!”

அதற்குள் ஜீப் அரை அடி என்னைத் தள்ளிவிட்டது. கீழே இருந்தவர்கள் சிதறினார்கள். வேலுமணி பீடியோடு பறந்து வந்து, கதவுக்குள் பாய்ந்து, பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றது. நான் நிற்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன், கல்லை மடியில் வைத்துக்கொண்டு.

முதலில் வந்து சேர்ந்தவள் மருதி. என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

“ஏனுங்க சாரு” என்றாள் மெதுவாக. “அது எங்க ஊட்டுக்காரருங்க.”

“தெரியும்மா.”

“குடுங்க.”

கொடுத்தேன். அவள் வாங்கிய விதத்தைப் பார்த்தால், கல் வாங்குகிறவர்கள் அப்படி வாங்க மாட்டார்கள். ஒரு கை அடியில், ஒரு கை மேலே. விரலால் அந்த வெள்ளைக் கோட்டைத் தடவினாள். விரலில் டயர்க் கறுப்பு ஒட்டியது.

மேடமும் செல்லதுரையும் மூச்சு வாங்க வந்து நின்றார்கள். “என்ன டக்ளஸ் இது?”

சொன்னேன். கைபிரேக்கில் தொடங்கி, கற்குவியல் வரைக்கும். உள்ளே வேலுமணி பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாமல் தவித்துக்கொண்டே கேட்டார். “அய்யய்யோ சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் அதை எத்தனை வாட்டி காலால உதைச்சுத் தள்ளியிருப்பேன்!”

“தப்பு என்னுது” என்றேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் முதல்முறையாகச் சொன்ன வாக்கியம்.

மேடம் நீளமாக மூச்சு விட்டார். “உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன். மருதி, கொண்டு போய் வைங்க. இருபத்தேழு. எழுதி முடிச்சிடலாம்.”

அத்துடன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மருதி நகரவில்லை.

“இப்படியே வெக்க முடியாதுங்க.”

“ஏன்?”

“வெளியில போயிட்டு வந்திருக்காரு. ஓடையில குளிப்பாட்டி, மறுபடி பேரு சொல்லிக் கூட்டிட்டு வரோணும். எடுத்துட்டுப் போனவருதான் சொமக்கோணும்.” எடுத்துட்டுப் போனவர், அதாவது நான், தலையைக் குனிந்துகொண்டேன்.

செல்லதுரை கையைத் தட்டினார். “மேடம், இத மட்டும் கவனிங்க. ஓடையில இதே மாதிரி ஆயிரம் கல்லு. கீழ போயி, மஞ்சுக்குள்ள மறைஞ்சு, எதையோ ஒண்ண எடுத்துட்டு வந்து இதுதான்னா? நான் ஆட்சேபணை எழுதித் தருவேன். இப்ப வெச்சா இருபத்தேழு, நான் வாயே தொறக்கல. ஓடைக்குப் போனா இருபத்தாறுன்னுதான் எழுதணும்.”

சட்டப்படி அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. மேடத்தின் முகத்திலேயே அது தெரிந்தது.

“மருதி, இன்னிக்கு அப்படியே வெச்சிடுங்க” என்றார். “நாளைக்கு நான் போனப்புறம் உங்க வழக்கப்படி செஞ்சுக்குங்க. யாரு கேக்கப் போறா?”

“அவரு கேப்பாருங்க.”

“ஒரு நம்பராவது எழுதிக்கலாமா, சாக்பீஸ்ல?” என்று நான் நுழைந்தேன். எனக்கு எப்போதும் நேரம் பார்த்துப் பேச வராது.

“உங்க ஊட்டுல செத்தவங்க நெத்தியில நம்பர் எழுதுவீங்களா சாரு?”

சாக்பீஸைச் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டேன்.

மருதி கல்லை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கை வலித்திருக்கும். கீழே மட்டும் வைக்கவில்லை. “மேடம், இவரு கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில செத்தாருங்க. பதினோரு நாளு கெடந்தாரு. ஜன்னல்ல எதுத்த பில்டிங்குதான் தெரியும். மலை எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம்னு நர்ஸம்மாவக் கேட்டுட்டே இருப்பாரு. எனக்குமே தெரியல. ஒரு பக்கம் கையக் காட்டுனேன். அந்தப் பக்கமே பாத்துட்டுக் கெடந்தாரு. அப்புறமாத் தெரிஞ்சுது, நான் காட்டுனது பாலக்காட்டுப் பக்கமாம்.” கல்லை மறு இடுப்புக்கு மாற்றினாள். “ஒடம்பு ஆம்புலன்ஸ்ல வந்துச்சு. ஆளு வரல. ஓடையில இவர எடுத்து இங்க வெச்சப்புறந்தான் வந்து சேந்தாரு. மறுக்கா ஒருவாட்டி தப்பாக் கூட்டிட்டு வர என்னால ஆகாதுங்க. நீங்க இருபத்தாறுன்னு எழுதறதுன்னா எழுதிக்குங்க.”

பின்னால் நின்ற அவள் ஊர்க்காரர் ஒருவர், “மருதி, யோசன பண்ணிச் சொல்லு” என்றார். அவள் திரும்பவில்லை. சற்றுப் பொறுத்து அவரே, “போலாம், ஓடைக்கே போலாம்” என்றார்.

“எங்கப்பாவும் இந்த எஸ்டேட்லதான் செத்தாரு” என்றார் செல்லதுரை திடீரென்று, யாரிடம் என்றில்லாமல். “நாப்பது வருஷ சர்வீஸ். ரெண்டு மாசத்துல லைன் வீட்டக் காலி பண்ணச் சொன்னாங்க. நாங்க கல்லத் தூக்கிட்டா அலைஞ்சோம்?”

“தூக்கியிருக்கோணுமுங்க” என்றாள் மருதி.

குத்தலாகத் தெரியவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னது போல இருந்தது. செல்லதுரை தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். அருவங்காட்டில் நான் பிறந்த குவார்ட்டர்ஸ் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டோம். இப்போது அந்த வாசலில் யாருடைய சைக்கிளோ நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போது நான் வேகமாக நடப்பேன்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃபைலை மூடி அக்குளில் இடுக்கினார். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகினார்.

“ஓடை எவ்வளவு தூரம்?”

“ஒரு ஃபர்லாங் எறங்கோணுமுங்க.”

“பார்வைன்னா பாக்கறதுதானே. வாங்க, எல்லாரும் போவோம். செல்லதுரை, நீங்களும்தான். கல்லுமேல வெச்ச கண்ணை எடுக்காதீங்க.”

அப்படியாக அரசாங்கமும் எஸ்டேட்டும் ஊரும் ஓடைக்கு இறங்கின. ஊர்க்காரர்கள் தூக்கி வந்த ஒரு பெரிய மரக்கட்டையை டயருக்குக் கொடுத்துவிட்டு வேலுமணியும் பின்னால் வந்தார். கல் என் கையில். பாதி வழியில் மஞ்சு வந்துவிட்டது. முன்னால் போகிறவரின் முதுகு தெரிந்தது, அதற்கு முன்னால் போகிறவர் சத்தமாக மட்டும் இருந்தார். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. இரண்டு முறை சறுக்கினேன். இரண்டு முறையும் கல்லுக்குப் பதில் என் முழங்கையைத் தரையில் வைத்தேன்.

ஓடையில் மருதி என்னைத் தண்ணீருக்குள் இறக்கினாள். கல்லைத் தண்ணீரில் வைத்துத் தேய்க்கச் சொன்னாள். மூன்று வாரத்து டயர்க் கறுப்பும் கிரீஸும் போகப் போக என் கை மரத்துப் போனது. அவ்வளவு குளிர். கரையிலிருந்து செல்லதுரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மரத்துப் போன கையோடு கல்லைத் தூக்கினேன். அது விரலில் நிற்கவில்லை. ‘தொளக்’.

தண்ணீர் கலங்கியது. மேலே மஞ்சு, கீழே கலங்கல். கலங்கல் தெளிந்தபோது என் காலடியில் ஏழெட்டுக் கற்கள் இருந்தன. எல்லாம் ஈரம், எல்லாம் கறுப்பு, எல்லாவற்றிலும் எங்கேயாவது ஒரு வெள்ளைக் கோடு. கர்த்தரே, என்னை ஏன் சர்வேயராகப் படைத்தீர்?

“முடிஞ்சுது” என்றார் செல்லதுரை. அதில் சந்தோஷம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். “மேடம், நீங்களே பாத்துட்டீங்க. இனி அந்தம்மா எத எடுத்தாலும் அதுதான்னு சொல்லும்.”

மருதி குனிய ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கையை நீட்டினால் அது சாட்சியம் ஆகாது. அவளுக்கும் அது புரிந்தது. முதன்முறையாக அவள் கண்ணில் பயத்தைப் பார்த்தேன்.

“என்ன சார் எல்லாரும் நிக்கிறீங்க?” என்றபடி வேலுமணி பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கற்களைப் பார்த்தார். தேடவில்லை. நேராகக் கையை விட்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். “பிடிங்க. இந்தவாட்டி நெஞ்சோட பிடிங்க.”

“ஏய், உனக்கெப்படித் தெரியும் அதுதான்னு?” என்றார் செல்லதுரை.

வேலுமணி அவரை வினோதமாகப் பார்த்தார். “மூணு வாரம் கூடவே இருந்திருக்கேன் சார். அடியில ஒரு பக்கம் கொஞ்சம் சப்பையா இருக்கும், கட்டைவிரல் சரியா அங்க உக்காரும். உங்க செருப்பு கோயில் வாசல்ல ஆயிரம் செருப்போட கிடந்தா உங்களுக்குத் தெரியாதா?”

“நான் சர்ச்சுக்குப் போறவன்.”

“சரி, குடைன்னு வெச்சுக்குங்க.”

மேடம் கரைக்கல்லில் உட்கார்ந்து, ஃபைலை மடியில் விரித்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, “உங்க முழுப் பேரு?” என்று வேலுமணியைக் கேட்டார். பிறகு செல்லதுரையிடம், “மூணு வாரம் வெச்சிருந்த டிரைவருக்கே தெரியுதுங்க” என்றார். செல்லதுரை ஆட்சேபணைக்காக எடுத்து வைத்திருந்த தாளை நாலாக மடித்து மழைக்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

மேலே ஏறும்போது மருதி எனக்கு முன்னால் நடந்தாள். வழி பிரியும் இடத்திலெல்லாம் நின்று, “வெள்ளா, இந்தப் பக்கம்” என்றாள். நானும் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். முதல் தடவை கூச்சமாக இருந்தது. கடைசித் திருப்பத்தில் அவள் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

கல்வீட்டு வாசலில், வலது பக்கம், மண்ணில் ஒரு குழிவு இருந்தது. சுற்றிலும் பாசி, நடுவில் எண்ணெய் ஊறிய கறுப்பு. காலையிலிருந்து அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் கற்களை எண்ணியிருக்கிறோம். வெள்ளனை வைத்தேன். உட்கார்ந்துகொண்டான்.

மருதி வேலுமணியைக் கூப்பிட்டாள். “எங்கெங்க கூட்டிட்டுப் போனீங்க இவர?”

வேலுமணி கையைக் கட்டிக்கொண்டு, மேலதிகாரியிடம் ட்ரிப் ஷீட் ஒப்பிப்பது போலச் சொன்னார். “எமரால்டு ஒருவாட்டிங்க. அருவங்காடு நாலு. மசினகுடி ரெண்டு, அங்க ஒரு ராத்திரி தங்கல்.”

“மசினகுடியா?” மருதி கல்லைப் பார்த்துக் கேட்டாள். “உசுரோட இருக்கறப்ப ஒருவாட்டி கூட்டிட்டுப் போங்கன்னு எத்தன வருசம் கேட்டிருப்பேன். என்னைய உட்டுட்டுப் போயிட்டு வந்தாச்சு. செரி, போனது போதும். உக்காரு.” ஊர்ப்பெண் ஒருத்தி நீட்டிய எண்ணெயை வாங்கிக் கல்மேல் ஊற்றினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுடையதை.

மேடம் என் வரைபடத்தை நீட்டினார். ‘கற்குவியல்’ என்பதை அடித்துவிட்டு, ‘வீடு, இருபத்தேழு பேர்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். மாவட்டக் குழு அதைப் பார்த்து முடிவு சொல்லும்வரை மேட்டில் யாரும் மண்வெட்டி போடக் கூடாது என்று மேடம் உத்தரவு எழுதினார். மெமோ எனக்குத் தனியாக, அடுத்த திங்கட்கிழமை வந்தது. அதற்குப் பதில் நல்ல கையெழுத்தில் எழுதிக்கொடுத்தேன்.

அன்றைக்கு இறங்கும் வழியில் ஒரு டீக்கடைச் சரிவில் வண்டியை நிறுத்தினோம். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டேன். வேலுமணி இறங்கி, ரோட்டோரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கினார். டயருக்குக் கீழே வைக்கப் போனவர் நின்றார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

பிறகு டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார்: “ஏனுங்க, இது யாருங்க?”